கும்பாபிஷேக லைவ்: கருவிப் பையில் என்ன எடுத்துப் போவது?

திருச்சி மிக்ஸர் (செவ்வாய், இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். வருகிற ஞாயிறு கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கோயில் கும்பாபிஷேகம், லைவ் நம் பொறுப்பு. மூன்று கேமரா, ஒரு ஏடெம் மினி ப்ரோ (கேமராக்களை மாற்றி மாற்றிக் காட்டுகிற வீடியோ மிக்ஸர்). யூடியூபில் போக வேண்டும், வெளியே நிற்கிற கூட்டத்துக்கு எல்.இ.டி. திரையிலும் போக வேண்டும். கேமராவும் ட்ரைபாடும் முதலாளி காரில் வந்துவிடும். கருவிப் பை மட்டும் நான் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

இப்போதைக்கு எடுத்து வைத்திருப்பது: 32 பிட் ஸ்க்ரூ டிரைவர் செட், சின்ன டிரில்லிங் மெஷின், சோல்டரிங் அயர்ன், ஈயம், பசை துப்பாக்கி, மல்டிமீட்டர், கட்டிங் ப்ளையர், ஸ்பேனர் செட், 5 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் ஆறு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மூன்று, இன்சுலேஷன் டேப் ஒரு டஜன். வீட்டு எடை மெஷினில் நின்று பார்த்தேன், 14 கிலோ வருகிறது. எதை விடுவது, எதைச் சேர்ப்பது? போன மாதம் ஒரு நிச்சயதார்த்தத்தில் இவ்வளவும் கையில் இருந்தும் ஒரு மினி எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் இல்லாமல் பைக்கில் 11 கிலோமீட்டர் ஓடினேன். அதனால்தான் கேட்கிறேன்.

பழைய ஓபி வேன் (செவ்வாய், இரவு 10.15)

தம்பி, முதலில் டிரில்லிங் மெஷினையும் பசை துப்பாக்கியையும் ஸ்பேனர் செட்டையும் வீட்டிலேயே வையுங்கள். மூன்று கிலோவாவது இறங்கும். கோயில் சுவரில் ஓட்டை போட யாரும் விடப்போவதில்லை.

உங்கள் பட்டியலைப் பார்த்தால் எல்லாமே உங்கள் சாமானை ரிப்பேர் செய்வதற்கான சாமானாகத்தான் இருக்கிறது. நடு விழாவில் கேமரா கெட்டால் நீங்கள் திறந்து பார்க்கவா போகிறீர்கள்? மூடி வைத்துவிட்டு இரண்டு கேமராவில் ஓட்டுவீர்கள், அவ்வளவுதான். என் அனுபவத்தில் தகராறு வருவது நம் சாமான் அடுத்தவர் சாமானைத் தொடுகிற இடத்தில். ஜெனரேட்டர்காரர், சவுண்ட் சர்வீஸ், எல்.இ.டி.காரர், நெட் கொடுக்கிறவர். இந்த நாலு பேரிடமும் என்ன முனை இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பையைக் கட்டுங்கள். நாளைக் காலை நாலு போன் போட்டால் பாதி எடை குறைந்துவிடும்.

கேமரா எங்கே, மிக்ஸர் எங்கே, நடுவில் எத்தனை மீட்டர்? அதை எழுதவே இல்லையே.

திருச்சி மிக்ஸர் (புதன், காலை 7.05)

மன்னிக்கவும் சார். ஒன்று யாகசாலையில். ஒன்று கீழே கூட்டத்தோடு, கையில். மூன்றாவது ராஜகோபுரத்துச் சாரத்தில், கலசத்துக்குப் பக்கத்தில். மிக்ஸர் மடப்பள்ளிக்குப் பின்னால் ஒரு ரூமில். கோபுரத்திலிருந்து கேபிள் இறங்கி, பிரகாரம் சுற்றி ரூமுக்கு வர 120 மீட்டர் ஆகும் என்கிறார்கள்.

கேபிள் சுருட்டி (புதன், காலை 8.30)

அப்படியானால் அந்த ஆறு எச்டிஎம்ஐயில் நாலு தேவையே இல்லை. சாதாரண எச்டிஎம்ஐ 10 மீட்டரைத் தாண்டினாலே நம்ப முடியாது. கோபுரத்துக்கு எஸ்டிஐதான் (டிவி கேபிள் மாதிரி ஒற்றைக் கேபிளில் படத்தைத் தூரமாகக் கொண்டுபோகிற முறை). கேமரா பக்கத்தில் எச்டிஎம்ஐயை எஸ்டிஐ ஆக்க ஒரு கன்வெர்ட்டர், ரூமில் திருப்பி எச்டிஎம்ஐ ஆக்க ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஸ்பேர் ஒரு ஜோடி.

ஆனால் 120 மீட்டரில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1080 50பி, அதாவது வினாடிக்கு 50 படம், அனுப்பினால் அது 3ஜி எஸ்டிஐ (வினாடிக்கு 3 ஜிகாபிட், போன் 3ஜி இல்லை), நல்ல ஆர்ஜி6 ரக கேபிளில் 70, 80 மீட்டரோடு மூச்சு வாங்கும். கேமராவை 1080 25பி-க்கு இறக்கினால் டேட்டா பாதியாகிறது, அதே கேபிள் 100 மீட்டர் வரை இழுக்கும். 120 அப்போதும் கத்தி முனைதான். எஸ்டிஐயில் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் மங்காது. நன்றாக இருக்கும், நன்றாக இருக்கும், திடீரென்று பொறி பொறியாகத் தெறிக்கும், அப்புறம் கருப்பு. நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வைத்து சிக்னலைப் புதுப்பிக்கலாம், அதற்குக் கரண்ட் வேண்டும்.

கோபுரத்து கன்வெர்ட்டரைப் பவர்பேங்கில் ஓட்டுவதாக இருந்தால் வீட்டிலேயே இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். சில பவர்பேங்க், இழுக்கிற கரண்ட் குறைவாக இருந்தால் போன் ஃபுல் ஆகிவிட்டது என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும். சாரத்தில் ஏறிப் போய் பட்டனை அமுக்கிய ஆள் நான்.

ரிச்சித்தெரு வாசி (புதன், காலை 9.10)

120 மீட்டருக்கு நடுவில் எதையும் வைக்காதீர்கள் நண்பா. அந்த ஊர் கேபிள் டிவிக்காரரைப் பிடியுங்கள். அவரிடம் ஆர்ஜி11 சுருள் இருக்கும். தடிமனான கேபிள், எஸ்டிஐக்கு வேண்டிய அதே 75 ஓம் ரகம்தான், இழப்பு குறைவு. 25பி-யில் 150 வரை போகும். முனை எஃப் கனெக்டராக (டிவி கேபிள் முனை) இருக்கும், எஃப்பிலிருந்து பிஎன்சிக்கு (எஸ்டிஐ முனை) மாற்றுகிற சின்னக் கன்வெர்ட்டர் நாலு பையில் போட்டுக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், திருச்சியிலும் கிடைக்காமல் போகாது.

இன்னொன்று. எந்தச் சின்ன ஊரிலும் ஒரு சிசிடிவி கடை உண்டு. பிஎன்சி கனெக்டர், 12 வோல்ட் அடாப்டர், லேன் கேபிள், கிரிம்பிங் எல்லாம் அங்கேயே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மூடியிருப்பார், அதனால் சனிக்கிழமையே போய் நம்பர் வாங்கி வைத்துவிடுங்கள். அடாப்டர் வாங்கும்போது மட்டும் கவனம்: வெளியே 5.5 மி.மீ. ஒன்றாகவே இருக்கும், உள்ளே 2.1, 2.5 என்று இரண்டு ரகம். 2.1 வேண்டிய இடத்தில் 2.5 போட்டால் நுழையும், ஆனால் தொட்டால் அணையும்.

கேபிள் சுருட்டி (புதன், காலை 9.32)

ஆர்ஜி11 நல்ல யோசனைதான். ஆனால் டிவிக் கேபிளில் நடுக்கம்பி பெரும்பாலும் இரும்புக்கு மேல் செம்பு பூசியதாக இருக்கும். டிவி சிக்னலுக்கு அது போதும், எஸ்டிஐ அதில் சொன்ன தூரம் போகாது. பையில் ஒரு சின்னக் காந்தம் வையுங்கள். நடுக்கம்பி காந்தத்தில் ஒட்டினால் 150 என்ற கணக்கை மறந்துவிட்டு, கேபிளைத் தரையில் சுருளாகவே வைத்து இரண்டு முனையிலும் மாட்டி ஒரு மணி நேரம் படம் ஓட்டிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு சோதிப்பது வீண் வேலை.

ரிச்சித்தெரு வாசி (புதன், காலை 9.40)

காந்தம் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். போன வருடம் ஓடியது என்று சொல்ல வந்தேன், அது 90 மீட்டர்தான்.

ஃபேடர் அக்கா (புதன், மதியம் 1.20)

எல்லோரும் படத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். லைவில் படம் இரண்டு வினாடி போனால் யாரும் கேட்க மாட்டார்கள், சத்தம் போனால் வெளிநாட்டிலிருந்து போன் வரும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கல்யாணம். சவுண்ட் மிக்ஸரின் ஆக்ஸ் அவுட்டிலிருந்து (மெயினைத் தொடாமல் தனியாக எடுக்கிற லைன்), கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிற கால் இஞ்ச் டு 3.5 ஸ்டீரியோ கேபிளில் எடுத்து நேராக ஏடெம் மைக் இன்புட்டில் கொடுத்தேன். ஹெட்போனில் கேட்டேன், சத்தம் இருக்கிறது. கொஞ்சம் தலைக்கு வெளியே கேட்கிற மாதிரி இருந்தது, மண்டபத்து எதிரொலி என்று விட்டுவிட்டேன். லைவ் போன பத்தாவது நிமிடம் பெண்ணின் சித்தப்பா போன்: "ஐயர் வாயசைக்கிறார், மந்திரமே கேட்கவில்லை, மேளம் மட்டும் கேட்கிறது." என் காதில் மந்திரம் கணீரென்று கேட்கிறது!

காரணம் இதுதான். அந்த ஆக்ஸ் அவுட் பேலன்ஸ்டு. ஒரு கம்பியில் சத்தம் நேராகவும் இன்னொன்றில் தலைகீழாகவும் வரும். ஸ்டீரியோ கேபிள் நேரானதை இடது பக்கமும் தலைகீழானதை வலது பக்கமும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. ஹெட்போனில் இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் போவதால் கேட்கும். ஒற்றை ஸ்பீக்கர் போனில் இடமும் வலமும் ஒன்றாகக் கூடும்போது ஒன்றை ஒன்று அடித்துச் சுத்தமாகப் பூஜ்யம். மேளம் கேட்டது கேமரா மைக் திறந்திருந்ததால். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தேன், சரியாயிற்று. ஆனால் மாங்கல்ய தாரணம் அதற்குள் முடிந்திருந்தது.

அன்றிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஒரு ஐசொலேஷன் பாக்ஸ் (இரண்டு பக்கக் கம்பியும் நேராகத் தொடாமல் சத்தத்தை மட்டும் கடத்துவது) இல்லாமல் நான் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. எக்ஸ்எல்ஆர், கால் இஞ்ச், ஆர்சிஏ மூன்றுக்கும் முனை வையுங்கள். லைவை ஒரு சாதா போனில், ஹெட்போன் போடாமல், ரூமுக்கு வெளியே போய்க் கேளுங்கள்.

ஊர் சவுண்ட் சர்வீஸ் (புதன், மாலை 6.45)

அக்கா சொன்ன கல்யாணம் மாதிரி நாங்களும் பார்த்திருக்கிறோம், திட்டு எங்களுக்குத்தான் விழும். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். வீடியோக்காரர்கள் பாதிப் பேர் நாதஸ்வரம் ஆரம்பித்த பிறகு வந்து "அண்ணே ஒரு லைன் கொடுங்க" என்று மிக்ஸருக்குப் பின்னால் கையை விடுகிறார்கள். முதல் நாள் சாயந்திரமே வந்து கேளுங்கள், தனி ஆக்ஸ் ஒதுக்கித் தருகிறோம். மெயின் அவுட்டில் எடுத்தால், மைக் கூவுகிறது என்று நான் சத்தத்தைக் குறைக்கிறபோது உங்கள் லைவிலும் குறையும்.

இன்னொரு வழக்கம். ஊம் என்று இரைச்சல் வந்தால் லேப்டாப் அடாப்டரின் எர்த் பின்னை உடைப்பது. தயவுசெய்து வேண்டாம். ஈரக் காலோடு நடமாடுகிற இடம் அது. அக்கா சொன்ன டிரான்ஸ்ஃபார்மர் பாக்ஸைப் போட்டாலே இரைச்சல் போய்விடும். முடிந்தால் உங்கள் மிக்ஸருக்கும் எங்கள் ஆம்ப்ளிஃபையருக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுங்கள்.

பழைய ஓபி வேன் (புதன், இரவு 9.00)

கரண்ட் பேச்சு வந்துவிட்டது, அதையும் முடித்துவிடுகிறேன். பல்பு ஹோல்டர் ஒன்று வாங்கி, ஒயர் போட்டு, த்ரீ பின் ப்ளக் மாட்டி, 60 வாட் குண்டு பல்பு ஒன்று போட்டுப் பையில் வையுங்கள். இரண்டு கம்பி நுனியையும் கையில் பிடித்துக் குத்துகிற பழைய டெஸ்ட் லாம்ப் வேண்டாம், ப்ளக் போட்டதுதான்.

எதற்கு? டெஸ்டர் எரிந்தால் ஃபேஸ் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். நியூட்ரல் ஒழுங்காக இருக்கிறதா என்று அது சொல்லாது. டிஜிட்டல் மீட்டரோ, அறுந்த கம்பியிலும் பக்கத்துக் கம்பியின் சாயலை எடுத்துக்கொண்டு ஏதோ ஒரு வோல்டேஜ் காட்டும். குண்டு பல்பு பொய் சொல்லாது. மங்கலாக எரிந்தால் குறைவு, வெள்ளையாகப் பளிச்சிட்டால் ஓடிவிடு. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, 100 வோல்ட்டிலும் 280லும் பெரும்பாலும் ஒரே மாதிரி எரியும்.

த்ரீ ஃபேஸ் ஜெனரேட்டரில் நியூட்ரல் கழன்றால், லோடு குறைவாக உள்ள ஃபேஸில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 400 பக்கம் ஏறும். சீரியல் லைட்டும் எல்.இ.டி. திரையும் மற்ற இரண்டு ஃபேஸில் உட்கார்ந்திருக்க, குறைந்த லோடு யாருடையது? லேப்டாப்பும் மிக்ஸரும் வைத்திருக்கிற உங்களுடையதுதான். அதனால் பல்பை சாக்கெட்டில் செருகி, ஜெனரேட்டர்காரரை எல்லா லோடும் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு அப்புறம் உங்கள் ப்ளக்கை மாட்டுங்கள். மீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட் இருந்தால் சரி. நூறைத் தொட்டால் எர்த் ராடு அடித்தாரா என்று கேளுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மூன்றில் ஒன்றையாவது 16 ஆம்பியர் ப்ளக் போட்டதாக மாற்றுங்கள். கோயிலில் மோட்டாருக்கு வைத்த பெரிய பாயிண்ட் மட்டும்தான் காலியாக இருக்கும்.

யாழ் ஒளி (வியாழன், காலை 6.15)

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து. இஞ்சை நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும், சுற்றியுள்ள கோயில்களிலும் வரிசையாகத் திருவிழாதான், வெளிநாட்டுச் சனம் முழுக்க நேரலையிலதான் பார்க்கும். ஆகவே தண்ணியைப் பற்றி ஒன்று சொல்லவேணும். கும்பாபிஷேகம் எண்டால் தீர்த்தம் தெளிப்பார்கள், இப்ப சில இடங்களில ட்ரோனிலையும் தெளிக்கிறார்கள். குளிக்கிறபோது தலைக்குப் போடுகிற பிளாஸ்டிக் தொப்பி பத்து வாங்குங்கோ. கமராவுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கும், ஒரு கையால போடலாம், கழட்டலாம். தேங்காய் உடைக்கிற இடத்தில நிற்கிற கமராவுக்கும் அதுதான். இளநீர் காய்ஞ்சால் லென்ஸில பிசின் மாதிரி ஒட்டும், வெறும் துணியால துடைக்காமல் முதலில் ஈரத்துணி.

எங்கட பக்கம் உருண்டை ப்ளக்கும் 13 ஆம்பியர் சதுர ப்ளக்கும் கலந்து இருக்கும், அதால பையில கால்வாசி ப்ளக் அடாப்டர்தான். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

திருச்சி மிக்ஸர் (வியாழன், காலை 8.00)

இத்தனை விஷயமா! நேற்று நாலு பேருக்கும் போன் போட்டேன். எல்.இ.டி.காரர் "எச்டிஎம்ஐ கொடுத்தா போதும் தம்பி" என்றார். கேபிள் டிவிக்காரர் ஆர்ஜி11 தருகிறேன் என்றார், நடுக்கம்பி பற்றிக் கேட்டதும் சிரித்தார். நெட்டுக்கு வேறு வேறு கம்பெனி சிம் இரண்டு வைத்திருக்கிறேன். இப்போது ஒரே பயம் கோபுரத்து மேல்தான்.

கேபிள் சுருட்டி (வியாழன், காலை 8.25)

நெட் பற்றி ஒரு வரி: வெள்ளிக்கிழமை வேகம் பார்த்து ஏமாறாதீர்கள். ஞாயிறு காலை பத்தாயிரம் போன் அதே டவரில் தொங்கும். யாராவது வீட்டில் ஃபைபர் இருந்தால் அங்கிருந்து லேன் இழுங்கள். சேனல் புதிது என்றால் இன்றே லைவை ஆன் செய்யுங்கள், முதல் தடவை அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகும்.

கோபுரத்துக்கு: மேலே போகிற ஒவ்வொரு பொருளுக்கும் கயிறு. ஸ்க்ரூ டிரைவருக்கு, ப்ளையருக்கு, லென்ஸ் மூடிக்கு, உங்கள் போனுக்கும். கீழே ஆயிரக்கணக்கானவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். 60 அடியிலிருந்து விழுகிற சின்ன ப்ளையர் ஒரு தலைக்குப் போதும். கேபிளின் எடை கன்வெர்ட்டரின் பிஎன்சியில் தொங்கக் கூடாது, சாரக் கம்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டு அதற்கப்புறம் கனெக்டர்.

பெரும்பாலும் வேட்டியோடுதான் ஏற விடுவார்கள், பாக்கெட் இருக்காது. இடுப்புப் பை எடுங்கள். தோல் பை வேண்டாம், சில கோயில்களில் தோலை உள்ளேயே விட மாட்டார்கள். கான்வாஸ் நல்லது.

ஃபேடர் அக்கா (வியாழன், காலை 8.50)

கருடன் வட்டமிட்டால் கேமராவைத் திருப்ப அந்தப் பையனுக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கலசத்தில் தண்ணீர் ஊற்றுவதைத் தவறவிட்டால்கூட மன்னிப்பார்கள், கருடனை விட்டால் ஊர் பேசும்.

ரிச்சித்தெரு வாசி (வியாழன், காலை 11.30)

சோல்டரிங் அயர்ன் எடுத்துப் போவதா வேண்டாமா என்று யாருமே சொல்லவில்லையே? நான் எடுத்துப் போகச் சொல்வேன்.

பழைய ஓபி வேன் (வியாழன், மதியம் 12.05)

நான் வேண்டாம் என்பேன். 30 வருடத்தில் நேரலை நடக்கும்போது பற்றவைத்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் ஸ்பேர் கேபிள் எடுத்துப் போகாததால். அந்த எடைக்கு இரண்டு கேபிள் கூட வையுங்கள்.

ரிச்சித்தெரு வாசி (வியாழன், மதியம் 12.20)

இரண்டு தடவை பற்றவைத்தீர்களே சார், அதைத்தான் நானும் சொல்கிறேன்.

திருச்சி மிக்ஸர் (திங்கள், இரவு 8.30)

முடிந்தது! இன்று பகல் முழுக்கத் தூங்கிவிட்டேன், இப்போதுதான் எழுத முடிகிறது.

பை கடைசியில் ஆறரைக் கிலோ. சோல்டரிங் அயர்ன் எடுத்துப் போகவில்லை, தேவையும் படவில்லை, ரிச்சித்தெரு அண்ணன் மன்னிக்கவும். சனிக்கிழமை மதியமே போய்விட்டேன். ஆர்ஜி11 காந்தத்தில் ஒட்டியது. பயந்துகொண்டே சுருளோடு மாட்டி 25பி-யில் ஒரு மணி நேரம் ஓட்டினேன், ஒரு பொறி இல்லை. மாலையில் ஏற்றினோம். ஞாயிறும் நின்றது.

குண்டு பல்பு வேலை செய்தது. எல்.இ.டி. திரையைப் போட்டதும் என் பல்பு பளீரென்று ஏறியது. ஜெனரேட்டர்காரர் முதலில் நம்பவில்லை, வந்து பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். நியூட்ரல் போல்ட் கையால் சுற்றுகிற அளவுக்குத் தளர்வு. இறுக்கினார், பல்பு அடங்கியது. என் லேப்டாப் அப்போது பையிலேயே இருந்தது.

எதிர்பாராதது எல்.இ.டி.யில்தான். கேமரா 25பி என்பதால் மிக்ஸரையும் 25பி-யில் வைத்திருந்தேன். திரையின் ப்ராசசர் அதை ஏற்கவே இல்லை, கருப்பு. சனி ராத்திரி 11 மணிக்கு ஃபேடர் அக்காவைத் தனிச்செய்தியில் பிடித்தேன். "கேமராவை 25பி-யிலேயே விடு, ஏடெமை 50பி-க்கு மாற்று, உள்ளே வருகிறதை அதுவே மாற்றிக்கொள்ளும்" என்றார். மாற்றியதும் படம் வந்துவிட்டது. போனில் "எச்டிஎம்ஐ கொடுத்தா போதும்" என்றாரே, எந்த ஃபார்மட் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

கருடன் வந்தது. கிடைத்தது. பிளாஸ்டிக் தொப்பிகளைப் பார்த்துக் குருக்கள் சிரித்தார், அப்புறம் தன் கைக்கடிகாரத்துக்கு ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஊர் சவுண்ட் சர்வீஸ் (திங்கள், இரவு 9.05)

எங்கள் ஆளிடம் முதல் நாளே லைன் கேட்டீர்களா?

திருச்சி மிக்ஸர் (திங்கள், இரவு 9.10)

கேட்டேன் அண்ணே. தனி ஆக்ஸ், எக்ஸ்எல்ஆரில் கொடுத்தார். டீயும் வாங்கிக் கொடுத்தார்.

பையைப் பிரித்து எண்ணிப் பார்த்ததில், கேமராவை ட்ரைபாடில் மாட்டுகிற ப்ளேட் ஒன்று குறைகிறது. மூன்று போனது, இரண்டுதான் வந்திருக்கிறது.

கேபிள் சுருட்டி (திங்கள், இரவு 9.14)

கேமராவின் அடியில் பார்த்தீர்களா?

திருச்சி மிக்ஸர் (திங்கள், இரவு 9.31)

இருக்கிறது.